புனிற்றுக் காலமும் செவிலியின் இடமும்: குழந்தைப் பிறப்பை அடுத்த முதல் மாதங்கள் குறித்த ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

குழந்தை பிறந்ததை அடுத்து வரும் நாள்களைச் சங்கப் பாடல்கள் 'புனிறு' என்னும் சொல்லின்வழி ஒரு தனிக் காலமாகக் கண்டுள்ளன. அக்காலத்தில் குழந்தையைச் செவிலி ஏந்த, ஈன்றவள் உறங்குவதை நற்றிணை 40 காட்டுகிறது. பிற்காலத்தில் தாய்வீட்டுப் பிரசவம் என்னும் வழக்கம் அதே பணியை உறவுப் பெண்களிடம் பகிர்ந்தளித்தது. இன்று பேறு முழுவதும் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டது. 'செவிலி' என்னும் சொல்லும் உடன் சென்றுவிட்டது. வீடு திரும்பும் தாயின் பக்கத்தில் அவ்விடம் வெறுமையாக உள்ளது. இலக்கியச் சான்றுகள், வழக்காறுகள், மக்கள்நலத் தரவுகள் ஆகியவற்றை இணைத்து, இவ்வெற்றிடத்தையும் அதில் தந்தைக்குரிய இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புனிறு, செவிலி, நற்றிணை, தாய்வீட்டுப் பிரசவம், தாலாட்டு, பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு, தந்தைமை

முன்னுரை

குழந்தைமை பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் பிள்ளைத்தமிழையும் தாலாட்டையும் மையமாகக் கொண்டு அமைந்துள்ளன. இவ்விரு வகைமைகளிலும் குழந்தையே பாட்டுடைப் பொருள். குழந்தையைப் பெற்றவர் இருவரும் அம்முதல் மாதங்களில் எந்நிலையில் இருந்தனர், யார் உறங்கினர், யார் விழித்திருந்தனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. பச்சிளங்குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பாலருந்துகிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கொரு முறை விழிக்கிறது. அதன் அழுகை ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தணிகிறது. இவை எக்காலத்துக் குழந்தைக்கும் பொதுவானவை. காலந்தோறும் மாறுவது அக்குழந்தையைச் சுற்றி நிற்கும் கைகளின் எண்ணிக்கையே. இக்கட்டுரை அக்கைகளைப் பற்றியது.

புனிறு என்னும் சொல்

தொல்காப்பிய உரியியல் புனிறு என்னும் சொல்லுக்கு ஈன்றணிமை என்று பொருள் கூறுகிறது. ஈன்று நெடுநாள் ஆகாத நிலை என்பது இதன் விளக்கம். சங்கப் பாடல்களில் இச்சொல் மனிதருக்கு மட்டும் உரியதன்று. கன்றீன்ற பசுவும் பெண்யானையும் இவ்வடைமொழியைப் பெறுகின்றன. உடல் சார்ந்த ஒரு நிலையாகவே, விலங்குக்கும் மனிதருக்கும் வேறுபாடின்றி, இச்சொல் ஆளப்பட்டிருப்பது கவனத்திற்குரியது. தூய்மை, தீட்டு என்னும் மதிப்பீடு எதுவும் அதில் ஏற்றப்படவில்லை.

கற்பியலில் தலைவன் கூற்று நிகழும் இடங்களைத் தொகுக்கும் நூற்பா, மகனைப் பெற்ற தலைவி நெய்யணிந்து புனிறு தீரும் பொழுதில் தலைவன் அவளை நோக்கிப் பேசுவதையும் ஓர் இடமாகக் கொள்கிறது. இங்கு இரண்டு செய்திகள் உள்ளன. புனிறு என்பது தொடக்கமும் முடிவும் கொண்ட ஒரு கால எல்லை என்பது ஒன்று. அவ்வெல்லையின் முடிவில்தான் தலைவனின் குரல் இலக்கணத்தில் இடம்பெறுகிறது என்பது மற்றொன்று. அக்காலத்தின் நடுவில் அவன் எங்கே இருந்தான் என்பதை இலக்கணம் கூறவில்லை, பாடல்கள் கூறுகின்றன.

விலங்குகளைப் பொறுத்தவரை இவ்வினாவிற்குப் பாடல்கள் தெளிவாக விடையளிக்கின்றன. ஈன்ற பெண்புலி பசித்திருப்பதை அறிந்து ஆண்புலி களிற்றைக் கொன்று இரைகொள்ளும் காட்சி அகநானூற்றில் வருகிறது (அகம். 112). இதனை ஒத்த காட்சிகள் வேறு பாடல்களிலும் உண்டு. ஈன்றவளின் பசியை ஆற்றுவது ஆணின் கடமை என்னும் எண்ணம் காட்டுவிலங்கின்மேல் ஏற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. மனிதத் தலைவனுக்கு அத்தகைய வேலை எதுவும் வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நற்றிணை 40: உறங்கும் தாய்

கோண்மா நெடுங்கோட்டனாரின் நற்றிணைப் பாடல் (நற். 40) ஒரு பிறப்பு வீட்டின் நள்ளிரவை முழுமையாகக் காட்டுகிறது. காவலுள்ள மனையில் மணி ஒலிக்கிறது. மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவல் நிற்கின்றனர். ஒருபுறம் மகளிர் நற்சொல் கேட்க விரிச்சி நிற்கின்றனர். நறுமணம் கமழும் துணி விரித்த மெல்லணையில் செவிலியோடு புதல்வன் துயில்கிறான். வெண்சிறுகடுகு அணிந்து, நெய்யாடி, நெய் பூசிய மென்மையான உடலோடு ஈன்றவள் தனியே இமை மூடிக் கிடக்கிறாள். அவ்வேளையில் தலைவன் கள்வனைப் போல வீட்டிற்குள் வருகிறான். தன் தந்தையின் பெயரைத் தாங்கப்போகும் மகன் பிறந்திருக்கிறான் என்பது அவன் வருகைக்குக் காரணம்.

இப்பாடல் மருதத்திணைக்குரிய ஊடற் சூழலில் வைத்தே பெரிதும் விளக்கப்பட்டு வந்துள்ளது. பரத்தையிடம் சென்ற தலைவன் மகனைக் காணும் விருப்பத்தால் திரும்பி வருகிறான் என்பதே உரைமரபின் அழுத்தம். அவ்வழுத்தத்தைச் சற்று விலக்கி, அறையில் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று மட்டும் நோக்கினால் வேறொன்று புலப்படும். குழந்தை தாயோடு படுத்திருக்கவில்லை, செவிலியோடு படுத்திருக்கிறது. புனிற்று மணம் செவிலியின்மேல் கமழ்வதாகவே புலவர் கூறுகிறார். ஈன்றவளின் உடலுக்குரிய அம்மணம் செவிலிக்குப் பெயர்ந்திருப்பது, எத்தனை நாழிகை அவள் குழந்தையை மார்பில் ஏந்தியிருந்தாள் என்பதற்குச் சான்று. குழந்தை செவிலியின் கையில் இருப்பதாலேயே தாயின் இரு இமைகளும் பொருந்துகின்றன.

புதிதாய்ப் பெற்ற ஒருத்தி நள்ளிரவில் உறங்குவது தற்செயலன்று. அதற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மணி, பந்தர், காவல், விரிச்சி ஆகிய அனைத்தையும் சொல்லிவந்த புலவர், அவ்வேற்பாட்டின் விளைவாகவே தாயின் உறக்கத்தைக் காட்டுகிறார் என்று கொள்வது பொருந்தும்.

மரபு ஐவகைத் தாயரைக் குறிப்பிடுவதையும் இங்கு நினைக்கலாம். ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடி பயிற்றுவாள், கைத்தாய் என்பது அப்பட்டியல். நீராட்டல், உணவூட்டல், தாலாட்டல், பேச்சுப் பழக்கல், இடுப்பில் ஏந்தல் என ஒரு குழந்தையை வளர்ப்பதில் அடங்கிய உழைப்பு ஐந்து பேருக்குரிய வேலையாகப் பிரித்துக் காட்டப்பட்டுள்ளது. இது செல்வர் மனையின் இலட்சியப் படம் என்பதில் ஐயமில்லை. நெல் குற்றிய பெண்ணுக்கோ உப்பு விற்ற உமணப் பெண்ணுக்கோ ஐந்து தாயர் வாய்த்திருக்க முடியாது. தலைவியின் மகனை ஏந்தியிருந்த செவிலிக்குத் தன் குழந்தை இருந்திருந்தால், அதை அந்நள்ளிரவில் யார் ஏந்தியிருந்தார் என்பதையும் பாடல் சொல்லவில்லை. ஆயினும் பட்டியல் ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது: தாய்மை ஒருவரின் வேலை அன்று.

கள்வனும் குவளையும்

தலைவன் கள்வன்போல் வருகிறான் என்னும் உவமை தந்தையின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கிறது. வீடு அவனுடையது, மகனும் அவனுடையவன், மகனுக்குச் சூட்டப்படும் பெயரும் அவன் குடிக்குரியது. இருந்தும் அவ்வறையில் அவனுக்கு வேலையில்லை. வேலையற்றவன் நுழைவது களவாகத் தோன்றுகிறது.

உறையூர்க் கதுவாய்ச் சாத்தனாரின் பாடல் (நற். 370) இதே அறைக்குள் தலைவனை வேறுவிதமாக அழைத்துச் செல்கிறது. ஊடல் நீடிக்கும் நாளொன்றில் அவன் பாணனிடம் பழைய நிகழ்ச்சியை நினைவுகூர்கிறான். நெய்யும் வெண்சிறுகடுகும் விளங்கக் கிடந்த தலைவியை அவன் நெருங்குகிறான். மகனைப் பெற்றதால் முதுபெண்டு என்னும் பெயர் பெற்று உறங்குகிறாயோ என்று கேட்டு, அவள் வயிற்றில் குவளைப் பூவை ஒற்றுகிறான். அவள் மொட்டுப்போல் முறுவலித்துக் கையால் கண்களை மறைத்துக்கொள்கிறாள். குழந்தை பெற்ற உடலின் மாற்றத்தைக் கணவன் கேலியாகவும் பரிவாகவும் தொடும் காட்சி இதுபோல் வேறொன்று எளிதில் கிட்டாது. ஆயினும் இங்கும் அவன் குழந்தையைத் தொடவில்லை. மனைவியைக் கண்டு செல்லும் விருந்தினனாகவே நிற்கிறான்.

தந்தை குழந்தையை அணைப்பதைக் காண முல்லைக்குச் செல்ல வேண்டும். குறுந்தொகை 359இல் நிலவொளியில் குறுங்கால் கட்டிலில் தந்தை மகனைத் தழுவி உறங்குகிறான். மகனின் தாய் அவன் முதுகை அணைத்திருக்கிறாள். இதனைப் பாடிய பேயனாரே ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியையும் பாடியவர். அதன் தொடக்கத்திலுள்ள செவிலி கூற்றுப் பத்தில் (ஐங். 401-410), இடையில் குட்டியைக் கொண்ட மான்களைப் போல மகனை நடுவில் வைத்துப் பெற்றோர் கிடக்கும் காட்சியும், தந்தை மகனை அணைக்கத் தாய் இருவரையும் அணைக்கும் காட்சியும் வருகின்றன. இக்காட்சிகளைக் கண்டு நற்றாய்க்குச் சொல்பவள் செவிலி. பிறப்பறையில் குழந்தையை ஏந்தியவள் இங்கே பார்வையாளராக விலகி நிற்கிறாள். அவள் இடத்தில் தந்தை படுத்திருக்கிறான். மருதத்தில் கள்வனாக வந்தவன் முல்லையில் கட்டிலைப் பெறுகிறான் என்றால், இடைப்பட்ட மாதங்கள் எங்கே போயின என்னும் வினா எழுகிறது.

புறப்பாடல் அதற்கு மறைமுகமான விடை தருகிறது. பொன்முடியாரின் புகழ்பெற்ற பாடல் (புறம். 312) ஈன்று வளர்ப்பதைத் தாய்க்கும், சான்றோனாக்குவதைத் தந்தைக்கும் கடனாக வகுக்கிறது. இக்கடன்பட்டியலில் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் இடமுண்டு. பச்சிளங்குழந்தையை ஏந்தும் தந்தைக்கு இடமில்லை. அகம் காட்டிய கட்டிலைப் புறம் அறத்தின் பட்டியலில் சேர்க்கவில்லை.

மழலைக்கு முந்திய மௌனம்

பாண்டியன் அறிவுடைநம்பி மக்கட்பேற்றின் இன்பத்தைப் பாடும்போது (புறம். 188) குழந்தை குறுகுறு நடந்து, உணவை அள்ளிச் சிதறும் பருவத்தை எய்திவிட்டிருக்கிறது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்திலும் சிறுகை அளாவிய கூழும் மழலைச்சொல்லுமே பேசப்படுகின்றன. தந்தையர் குரலில் அமைந்த இலக்கியம் குழந்தை நடக்கவும் பேசவும் தொடங்கிய பின்னரே தொடங்குகிறது. பிள்ளைத்தமிழின் முதற்பருவமாகிய காப்பைப் பாட்டியல் மரபு பொதுவாக மூன்றாம் திங்களை ஒட்டி வைக்கிறது. மாதக் கணக்கில் நூல்களுக்கிடையே வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் பிறந்த முதல் வாரங்கள் பருவப் பகுப்புக்குள் வரவில்லை. உயிர் நிலைக்குமோ நிலைக்காதோ என்னும் அச்சம் சூழ்ந்த அந்நாள்களைப் பாடுவதில் தயக்கம் இருந்திருக்கலாம்.

இம்மௌனத்தைக் கலைத்தவர் பெரியாழ்வார். அவர் திருமொழியின் முதல் பதிகம் ஆயர்பாடியில் எண்ணெயும் சுண்ணமும் தூவிக் கொண்டாடும் ஆரவாரத்தோடு தொடங்குகிறது. பன்னிரண்டாம் நாள் விழாவும் நடந்து முடிகிறது. அதன்பின் யசோதை பேசுகிறாள். தொட்டிலில் இட்டால் அது கிழியும்படி உதைக்கிறான், தூக்கினால் இடுப்பு நோகிறது, அணைத்தால் வயிற்றின்மேல் பாய்கிறான், தனக்கோ வலுவில்லை, மெலிந்துபோனேன் என்று அயல்பெண்ணிடம் முறையிடுகிறாள். பக்தி மரபு இதனைக் கண்ணனின் ஆற்றலுக்குச் சான்றாகக் கொள்ளும். அவ்வுரை பொருந்துவதே. எனினும் விழாக் கூட்டம் கலைந்த மறுகணம் தாய் ஒருத்தியின் களைப்பு வெளிப்படுமாறு பாசுரங்கள் அடுக்கப்பட்டிருப்பதையும் காணாமல் இருக்க இயலாது. ஆணாகிய புலவர் ஒருவர் தாயின் உடற்சோர்வைத் தாயின் வாய்மொழியாகவே பதிவுசெய்த இடம் இது.

தாய்வீடு என்னும் ஏற்பாடு

செல்வர் மனையின் செவிலிக்கு ஈடாக எளிய குடும்பங்கள் கண்ட வழி தாய்வீடு. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வதும், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனபின் கணவன் வீடு திரும்புவதும் தமிழ்நாட்டில் பல சாதியினரிடமும் காணப்படும் வழக்கம். இதன் சடங்குகள் நிறையவே எழுதப்பட்டுவிட்டன. சடங்குகளுக்கு அடியில் உள்ள வேலைப்பிரிவினை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

பெண்ணின் தாய் கால்களை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுகிறாள். சாம்பிராணிப் புகை காட்டுகிறாள். பத்தியச் சமையல் தனி வேலை: பூண்டுக் குழம்பு, கடற்கரை ஊர்களில் சுறாப்புட்டு, பிரசவ லேகியம் எனப் பால் சுரக்கவும் உடல் தேறவும் தனி உணவு ஆக வேண்டும். ஏணை என்றும் தூளி என்றும் வழங்கும் சேலைத்தொட்டிலை ஆட்ட ஓர் ஆள் வேண்டும். சித்தியோ பக்கத்து வீட்டுச் சிறுமியோ அதைச் செய்கிறாள். துணி துவைப்பது மற்றொருவர். ஐவகைத் தாயரின் பட்டியல் இங்கே ஊதியமில்லாத உறவுப் பெண்களால் நிரப்பப்படுகிறது. தமிழ் இசுலாமியரிடம் நாற்பது நாள் என்னும் எல்லையும், பிற குடிகளில் முப்பதாம் நாள், நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றித் தீட்டுக் கழிப்பதும், புனிறு தீர்தல் என்னும் பழைய எல்லைக்கு ஒப்பானவை.

இவ்வேற்பாட்டை வெறும் பொற்காலமாகப் போற்றுவது ஆய்வுக்கு உதவாது. ஈன்றவளுக்குக் கிடைத்த ஓய்வு பெரிதும் தீட்டு என்னும் கருத்தின் மறுபக்கம். அடுப்படிக்கு வரக்கூடாது என்பதால் அவள் ஓய்ந்திருந்தாள்; ஓய வேண்டும் என்பதால் அன்று. பத்தியத்தின் பேரால் நீர் அருந்துவதைக் குறைத்ததும், முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியதும், சேனை தொட்டு வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ புகட்டியதும் தீங்கானவை. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். பெயர் எதுவாயினும், முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி உரைமருந்து உட்பட வேறெதுவும் தரவேண்டாம் என்பதே இன்றைய மருத்துவ நெறி. பாட்டியின் கையில் மருந்தும் இருந்தது, பிழையும் இருந்தது. ஆனால் கை இருந்தது.

தந்தை இவ்வேற்பாட்டிலும் வெளியாள். மாமியார் வீட்டிற்கு வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ வந்து, சற்று நேரம் குழந்தையைப் பார்த்து, விருந்துண்டு திரும்புகிறான். நற்றிணைத் தலைவனுக்கும் இவனுக்கும் இடையே உள்ள தொலைவு மிகுதியன்று. நாட்டார் தாலாட்டுகளில் தந்தையைக் காட்டிலும் தாய்மாமன் ஓங்கி நிற்பதற்கும் இதுவே பின்னணி எனலாம். பாடும் பெண் தன் பிறந்தவீட்டில் இருக்கிறாள். சீர் கொண்டுவருபவன் மாமன். கண்முன் நிற்பவனும் மாமன். குழந்தை ஏன் அழுகிறது, யார் அடித்தார் என வினவும் பாடல்களில் மாமனும் அத்தையும் பாட்டியும் வரிசையாகக் குறிக்கப்படுவது, குழந்தையைச் சுற்றி அன்றாடம் நின்றவர் யாவர் என்பதன் பதிவேடுபோல் அமைகிறது.

மேலே கண்ட சங்கப் பாடல்கள் யாவும் புதல்வன் பிறப்பையே பாடுகின்றன என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும். மகள் பிறந்த வீட்டின் நள்ளிரவை எந்தப் புலவரும் இவ்வாறு காட்டவில்லை. தமிழ்நாட்டில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலை ஏற்பட்டதை வைத்து நோக்கும்போது இம்மௌனம் எளிதாகக் கடந்து போகத்தக்கதன்று.

சொல்லும் இடமும் பெயர்தல்

சென்னை எழும்பூரில் மகப்பேற்று மருத்துவமனை 1844இல் தொடங்கியது. அங்கிருந்து ஒன்றே முக்கால் நூற்றாண்டில் பேறு வீட்டைவிட்டு முற்றிலும் வெளியேறியது. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிறுவனங்களில் நிகழ்கின்றன. தாய் இறப்பையும் சேய் இறப்பையும் குறைத்ததில் இதன் பங்கை எவரும் மறுக்க முடியாது. அதே கணக்கெடுப்பு அறுவைப் பேறுகள் நூற்றுக்கு 44.9 என்றும் காட்டுகிறது. ஏறத்தாழப் பாதித் தாய்மார் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகின்றனர் என்பது இதன் பொருள். எடை தூக்கவும் குனியவும் இயலாத அவர்களுக்கு, வேறெந்தத் தலைமுறைத் தாயரைக் காட்டிலும் மிகுதியான கைகள் தேவை.

இப்பெயர்ச்சியில் ஒரு சொல்லும் பெயர்ந்தது. செவிலி என்னும் சொல் இன்று மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்கிறது. பொருத்தமான ஆக்கமே. ஆனால் அகப்பாடலின் செவிலி வீட்டில் இருந்தவள்; குழந்தையோடு உறங்கியவள்; அது வளர்ந்து மணம்புரிந்து சென்ற பின்னும் தேடிச் சென்று பார்த்தவள். இன்றைய செவிலியரின் பணி பிரிந்தனுப்பும் நாளோடு முடிகிறது. இயல்பான பேறாயின் இரண்டு மூன்று நாள்களிலும், அறுவைப் பேறாயின் ஏறத்தாழ ஒரு வாரத்திலும் தாய் வீடு திரும்புகிறாள். அரசு மருத்துவமனையாயின் தாய்சேய் நல ஊர்தி வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. வாசலுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பது குடும்பத்தைப் பொறுத்தது.

பெண்ணின் தாயே இன்று பணிக்குச் செல்பவராக இருக்கலாம். தாய்வீடு இரண்டு அறை கொண்ட வாடகை வீடாக இருக்கலாம். உடன்பிறந்த சித்தி இல்லாமலும் இருக்கலாம். அயல்நாட்டில் வாழும் தமிழர் குடும்பங்களில் பேறுகாலம் பார்க்கப் பெற்றோர் விமானம் ஏறுகின்றனர். நுழைவிசைவின் காலம் முடிந்ததும் திரும்புகின்றனர். தாய்வீடு பெண்ணிடம் பயணம் செய்து வருவதாக வழக்கம் தலைகீழாகியிருக்கிறது. தீட்டு பற்றிய நம்பிக்கை தளர்ந்தது நல்லதே. அதோடு ஒட்டியிருந்த ஓய்வும் சேர்ந்து தளர்ந்துவிட்டது. இரண்டாம் வாரத்தில் அடுக்களையில் நிற்கும் தாயைத் தடுக்க இன்று யாரிடமும் காரணம் இல்லை.

உடலுதவி என்னும் காரணி

இவ்வெற்றிடத்தின் விளைவு மருத்துவ ஆய்வுகளில் புலப்படுகிறது. தமிழ்நாட்டின் கிராமப்புறப் பகுதியொன்றில் கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்துச் சந்திரன் முதலானோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு உள்ளானோர் நூற்றுக்கு 11 பேர் எனக் கண்டது. அதற்கு வழிவகுத்தனவாக அவ்வாய்வு காட்டும் காரணிகள் ஐந்து: குறைந்த வருவாய், மகனை விரும்பிய நிலையில் மகள் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள உறவுச் சிக்கல், கருவுற்ற காலத்தில் நேர்ந்த இடர்கள், உடலுழைப்பில் உதவியின்மை. இலக்கியம் மௌனமாகக் கடந்த மகளின் பிறப்பு இங்கே நோய்க் காரணியாக எழுதப்பட்டிருக்கிறது. இறுதியாக நிற்கும் உதவியின்மை, நற்றிணை 40இல் செவிலி இல்லாமற்போனால் அவ்வறை எப்படியிருக்கும் என்பதற்கு மருத்துவத்தின் மொழியில் அமைந்த விடை.

பேற்றை அடுத்த முதல் இரு வாரங்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவதும் எரிச்சல் தோன்றுவதும் பெரும்பாலான தாய்மாருக்கு இயல்பாக நேர்ந்து தானே தணிவன. அதற்கு மேலும் நீடித்து, குழந்தையின்மீதே பற்றின்றிப் போகும் நிலைதான் மருத்துவ உதவியை வேண்டுவது. இவ்விரண்டையும் பிரித்தறியும் சொற்கள் தமிழ் வழக்கில் போதிய அளவு நிலைபெறவில்லை. 'பிள்ளை பெற்றவள் அப்படித்தான் இருப்பாள்' என்று இரண்டும் ஒன்றாகவே தள்ளப்படுகின்றன.

அரசின் ஏற்பாடுகள் இரு திசையில் அமைந்துள்ளன. ஒன்று பணமும் விடுப்பும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் தவணைகளாக நிதியும் ஊட்டப்பொருளும் அளிக்கிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் விடுப்பு, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியர்க்கு 2021 முதல் 12 மாதம். மற்றொன்று வீட்டிற்கு வரும் கை. தேசிய அளவில் 2011இல் தொடங்கிய வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டம், மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 42 நாள்களுக்குள் ஆறு முறை வீட்டு வருகையை வகுக்கிறது. பழைய சொல்லின் பொருளுக்கு மிக அருகில் வரும் அரசு ஏற்பாடு இதுவே. ஆனால் ஆறு வருகைகளும் பகலில் நிகழ்பவை. எடை பார்ப்பதும் அறிவுரை கூறுவதுமாக அமைபவை.

தந்தையைப் பொறுத்தவரை சட்டம் பொன்முடியாரின் பட்டியலைத் தாண்டி அதிக தொலைவு வரவில்லை. நடுவண் அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. மகப்பேறு நலச் சட்டம் தனியார் துறைத் தந்தைக்கு விடுப்பு எதையும் வகுக்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் பேற்றின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம். பல தாய்மார் ஒரே அறையில் இருப்பதால் கணவர் வெளியே காத்திருக்கிறார். இவ்வாறு பதினைந்து நாளுக்குள்ளோ அதற்கும் முன்னரோ பணிக்குத் திரும்பும் ஒருவரே, உறவுப் பெண்கள் இல்லாத வீட்டில் இரவு முழுவதும் எஞ்சி நிற்கும் ஒரே துணை. பாலூட்டல் ஒன்றைத் தவிர ஐவகைத் தாயரின் பணிகளில் ஆணால் செய்ய இயலாதது எதுவுமில்லை. பாலருந்திய குழந்தையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விடச்செய்து, அடுத்த பசி வரும்வரை மார்பில் ஏந்தியிருந்தால் தாய்க்கு இரண்டு மணி நேர உறக்கம் கிட்டும். பேயனாரின் கட்டிலில் தந்தை செய்துகொண்டிருந்தது ஏறத்தாழ இதுதான். அதை அன்பாக மட்டும் படித்துவந்த உரைமரபு வேலையாகவும் படிக்கத் தொடங்கலாம்.

பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வை அளவிட உலகெங்கும் பயன்படுவது 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல். தமிழ் வடிவிலும் ஏற்புடைமை ஆராயப்பட்ட அதில் பத்து வினாக்கள் உள்ளன. சிரிக்க முடிகிறதா, அச்சம் தோன்றுகிறதா, துயரத்தால் உறக்கம் கெடுகிறதா எனத் தாயின் மனநிலையை அவை வினவுகின்றன. முந்தைய இரவில் குழந்தையை யார் ஏந்தியிருந்தார் என்று அவற்றுள் எதுவும் கேட்கவில்லை. கேட்பது அதன் நோக்கமும் அன்று. தாய்வீட்டு வழக்கம் மாறிவரும் ஊர்களில் கள ஆய்வு மேற்கொள்ளும் நாட்டார் வழக்காற்றியலாளர் தம் வினாநிரலில் இவ்வொரு வினாவைச் சேர்க்கலாம். தாயிடமும் தந்தையிடமும் தனித்தனியே கேட்டு, இரு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.